அஸர் பாங்கு நேரத்துச் சண்டைகள்

சண்டையை வாயால் சொல்வது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். பறக்கிற மனிதன் ஒருவன், அவனை விடப் பருத்த இன்னொருவன், பின்னால் இடிந்து விழுகிற ஒரு நகரம். இதையெல்லாம் கண் தெரியாத ஒருவருக்கு, அது நடந்து முடிவதற்குள், அவருக்குச் சலிப்பு வராத விதமாகச் சொல்ல வேண்டும். பாடசாலையில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். கடைசி வாங்குப் பலகையில் தூங்குகிற பிள்ளைக்குப் பின்னக் கணக்கைப் புரிய வைத்தது கூட எனக்கு இவ்வளவு களைப்பைத் தந்ததில்லை.

என் கணவர் மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்றவர். நாவுல, பல்லேகம என்று ஊர் ஊராக லொறியில் போய்த் தோட்டக்காரர்களிடம் சாக்குச் சாக்காக வாங்கி வருவார். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் அவருக்கு இளம் வயதிலேயே இருந்தது. அதை அவர் ஒரு தூரத்துச் சொந்தக்காரரைப் போலத்தான் நடத்தினார், வந்தால் பார்ப்போம் என்று. வந்தது. முதலில் வலது கண் போனது. பிறகு இடது கண்ணுக்குள் இரத்தம் கசிந்து, வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சியது. கடையைத் தன் தம்பியிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்.

கண்டி ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் அம்மா ஒளிக்காமல் சொன்னார். இடது கண்ணுக்கு உள்ளே ஒப்பரேஷன் செய்தால் பாதிக்குப் பாதி நம்பிக்கை உண்டு. செய்யாவிட்டால் இருக்கிற வெளிச்சமும் போகும். பிந்தப் பிந்த அந்தப் பாதியும் குறைந்துகொண்டே வரும். இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, நோன்பு முடியட்டும் என்றார். நோன்பு முடிந்ததும், ஹஜ்ஜுப் பெருநாள் போகட்டும் என்றார். பெருநாள் போனதும், மிளகு சீசனில் தம்பி தனியாகக் கஷ்டப்படுவான் என்றார். கடைப் பக்கமே போகாத மனிதருக்கு மிளகு சீசன் என்ன, ரம்புட்டான் சீசன் என்ன. அதை முகத்துக்கு நேரே கேட்டும் பார்த்தேன். தேத்தண்ணி கேட்டார்.

வாரத்தில் மற்ற நாட்கள் எப்படிப் போயின என்று சொன்னால் படிக்கிறவர்களுக்கும் கொட்டாவி வரும். காலையில் எழும்பியதும் தொடங்கும். செருப்பு வலது பக்கம். தேத்தண்ணி சூடு, கையை மெதுவாக வையுங்கள். இது நீலச் சட்டை, அது தம்பி தந்தது. கேட்டடியில் நிற்பது மீன்காரர். மத்தியானம் வரும்போது என் தொண்டை காய்ந்துவிடும். பகலில் ஒரு மணித்தியாலம் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பதுதான் அந்த நாட்களில் எனக்கு இருந்த பெரிய ஆசை.

ஞாயிறு வந்தால் அதுவும் இல்லை. பகல் சோற்றுக்குப் பிறகு சட்டலைட் டீவியில் இங்கிலீஷ் சுப்பர் ஹீரோ படமொன்றைத் தமிழ்ப் பேச்சோடு போடுவார்கள். மகள் சின்னவளாக இருந்தபோது அவளோடு சேர்ந்து பார்க்கத் தொடங்கியவர் இவர். மகள் வளர்ந்து, கலியாணம் முடித்து, கொழும்புக்குப் போய்விட்டாள். அவளுக்கு இப்போது அந்தப் படங்களில் விருப்பமும் இல்லை. இவர் மட்டும் விடவில்லை. வாழ்நாளில் ஒருத்தர் மேல் கை வைக்காத மனிதர். மிளகுச் சாக்கில் கல்லைக் கலந்து விற்றவனிடமே, அடுத்த முறை இப்படிச் செய்யாதீங்க என்று சொல்லிவிட்டு வந்தவர். அவருக்கு அடிதடி வேண்டும்.

எனக்கு அந்தப் படங்களைக் கண்ணில் காட்டக் கூடாது. இவ்வளவு கண்ணாடி உடைகிறதே, இதை யார் கூட்டி அள்ளப் போகிறார்கள் என்றுதான் என் யோசனை போகும்.

பேச்சு வருகிற இடங்களில் எனக்கு வேலை இல்லை. அங்கே சென்னைத் தமிழ் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். உலகத்தையே சாம்பலாக்குவேன் என்று வில்லன் முழங்குவான், இவர் திருப்தியாகத் தலையாட்டுவார். சண்டை தொடங்கியதும் பேச்சு நின்றுவிடும். பிறகு டமார், டுமீல், ஆ, ஊ. சண்டைக்குத் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. அந்தச் சத்தத்தை வைத்து யார் விழுந்தது, யார் எழும்பியது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அப்போது இவர் கை என் பக்கம் நீளும்.

“இப்ப என்ன?”

“அடிக்கிறான்.”

“யாரு?”

“நம்மட ஆள்.”

“அடுத்து?”

“மத்தவனும் அடிக்கிறான்.”

“அடுத்து?”

“திரும்ப இவன் அடிக்கிறான்.”

“சோறு வெந்திச்சான்னு பாத்து செல்ற மாதிரி செல்றியே,” என்றார் ஒருநாள். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த ஞாயிறு வேகமாகச் சொல்லிப் பார்த்தேன். வலது கை, இடது கால், தலை, வயிறு, சுவர். ரேடியோவில் கிரிக்கெட் கேட்கிற மாதிரி இருக்கிறது, ஸ்கோர் மட்டும்தான் விளங்கவில்லை என்றார்.

கொஞ்ச நாள் குற்றம் என்னுடையது என்றே நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, பாதிக் குற்றம் அந்தச் சண்டைகளுடையது.

ஒரு படத்தில் இரண்டு ராட்சதர்கள் ஒருவரை ஒருவர் கட்டடங்களுக்குள் எறிந்து விளையாடினார்கள். இவன் அவனை ஒரு வங்கிக்குள் எறிகிறான். அவன் தூசியைத் தட்டிக்கொண்டு எழும்புகிறான். அவன் இவனை ஒரு ரயிலுக்குள் எறிகிறான். இவனும் தூசியைத் தட்டிக்கொண்டு எழும்புகிறான். இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. நான் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன், இன்னும் எறிந்துகொண்டுதான் இருந்தார்கள்.

“ஒருத்தனுக்கும் நோகல்லயா?” என்று கேட்டார்.

“இல்ல.”

“அப்ப என்னத்துக்குச் சண்ட பிடிக்கிறாங்க?”

எனக்கும் தெரியவில்லை. நோகாதவனை எத்தனை தரம் அடித்தாலும் அது அடி இல்லை. அதைச் சொல்கிறவளுக்கும் வாய் நோவதுதான் மிச்சம். இன்னொரு வகை உண்டு. சாம்பல் நிறத்தில் ஆயிரக்கணக்கான பிராணிகள் வானத்திலிருந்து கொட்டும், கதாநாயகன் அவற்றை வெட்டிக்கொண்டே போவான். முதலாவதும் கடைசியும் ஒரே மாதிரி. எதைச் சொல்வது, எதை விடுவது? இன்னும் சில படங்களில் கண் இமைக்கிற நேரத்துக்குள் காட்சி நாலு தரம் மாறும். முஷ்டி, முகம், சப்பாத்துக் கால், நெருப்பு. யார் எங்கே நிற்கிறார்கள் என்று படம் எடுத்தவருக்கே தெரியாது போல. அந்த மாதிரி இடங்களில் “சும்மா பொரளுறாங்க” என்று மட்டும் சொல்வேன். இவரும் மேற்கொண்டு கேட்க மாட்டார். நாளடைவில் அது எங்கள் வீட்டுத் தீர்ப்பாகவே ஆகிவிட்டது. தம்பி கடையிலிருந்து வந்து, நேற்றைய படம் எப்படி என்று கேட்டால், “சும்மா பொரண்டாங்க,” என்பார் இவர்.

ஆனால் ஒரு ஞாயிறு வேறு மாதிரிப் படம் ஒன்று வந்தது. கதாநாயகி ஒரு லிஃப்டுக்குள் நிற்கிறாள். தோளில் ஒரு கைப்பிள்ளை தூங்குகிறது. பிள்ளை எழும்பி அழுதால் மேல் மாடியில் காவல் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடும். லிஃப்ட் நின்று கதவு திறக்கிறது, மூன்று பேர் உள்ளே வருகிறார்கள். அவள் ஒரு கையால் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே மற்றக் கையால் அடிக்கிறாள். அடிபட்டு விழுகிறவனின் சட்டைக் கழுத்தைப் பிடித்து, சத்தம் வராமல் தரையில் இறக்கி வைக்கிறாள். என்னை அறியாமல் என் குரல் இறங்கிவிட்டது. இவரும் மெத்தை போட்ட செட்டியில் என் பக்கமாகச் சரிந்து வந்துவிட்டார்.

“புள்ள?” என்று குசுகுசுத்தார்.

“தூங்குது.”

“இன்னுமா?”

“வாயச் சப்புது. பொறுங்க. இல்ல, தூங்குது.”

“மத்தவன்?”

“கத்தியோட வாறான். அவ தோளத் திருப்பி முதுகக் குடுக்கிறா.”

இவர் கையிலிருந்த பிளேன்டீ ஆறிப் போனது. எத்தனை அடி விழுந்தது என்று அன்று அவர் கேட்கவே இல்லை. பிள்ளையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

தரவை எழுதாமல் கணக்கைத் தொடாதே என்று எத்தனை பிள்ளைகளின் காதைத் திருகியிருப்பேன். அதே பாடத்தை நான் செட்டியில் உட்கார்ந்து படித்துக்கொண்டேன். இடம் எவ்வளவு பெரியது, வெளியே போக வழி எங்கே, அவனுக்கு என்ன வேண்டும், அவனுக்கு எங்கே நோகும். இதைச் சண்டைக்கு முன்னால் சொல்லிவிட்டால் சண்டையின்போது கொஞ்சம் சொன்னால் போதும். இதில் எதுவுமே படத்தில் இல்லை என்றால் எவ்வளவு சொல்லியும் பிரயோசனம் இல்லை. இன்னொரு படத்தில் வயதான ஹீரோ ஒருவன் கடைசி ஆளை அடிக்கப் போகும் முன் மாடிப்படியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான், எவ்வளவு ஏற வேண்டும் என்று. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

இந்த இடத்தில் பாங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு எதிர்ப் பக்கம் பள்ளிவாசல். அங்கே தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லத் தொடங்கினால் டீவியின் சத்தத்தை நிறுத்திவிடுவோம். எங்கள் பேச்சும் நிற்கும். பாங்குக்கு மனதுக்குள் பதில் சொல்லி, முடிந்ததும் கையேந்தித் துஆ ஓதி, அதற்குப் பிறகுதான் சத்தம். இது எங்கள் ஆட்கள் வீடுகளில் எல்லாம் உள்ள பழக்கம்தான். பகலில் தொடங்கிய படம் விளம்பரங்களோடு இழுபட்டுக் கடைசிச் சண்டைக்கு வந்து சேர்வதும், எதிரே பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்வதும் ஒரே நேரமாக அமைந்துவிடும். அந்த டீவியை நிறுத்தி வைத்துப் பிறகு பார்க்க வழியில்லை. படம் ஊமையாக ஓடிக்கொண்டே இருக்கும். நான் உதட்டால் பதில் சொல்லிக்கொண்டு கண்ணால் சண்டையைப் பிடித்து வைத்துக்கொள்வேன், துஆ முடிந்ததும் ஒரே மூச்சில் ஒப்புவிக்க. அப்படிக் கேட்ட பாங்குக்கு எவ்வளவு நன்மை எழுதப்பட்டதோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

ஒரு படத்தில் கதாநாயகனும் வில்லனும் பழைய கூட்டாளிகள். இருவருக்கும் ஒரே மாதிரிக் கறுப்புக் கவசம், முகத்தை மூடுகிற ஒரே மாதிரித் தொப்பி. குரலை வைத்துத்தான் ஆளைப் பிரித்து அறிய வேண்டும். நிலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற ஒரு பெரிய குழாய்க்குள் இருவரும் கட்டிப் புரளும் நேரம் பாங்கு தொடங்கியது. நான் சத்தத்தை நிறுத்தினேன். இருட்டு, தண்ணீர், கறுப்பின் மேல் கறுப்பு. துஆ முடிந்தபோது ஒருவன் காலை இழுத்துக்கொண்டு ஓர் இரும்பு ஏணியைப் பிடித்து ஏறத் தொடங்கியிருந்தான். மற்றவனைக் காணவில்லை.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. நோகிறவன்தான் நம்முடைய ஆள். அவ்வளவு நாளாக நான் கண்டுபிடித்து வைத்திருந்த உண்மை அதுதானே. சொல்லத் தொடங்கினேன். அன்று சொன்ன மாதிரி நான் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

“ஏணி ஊத்த, ஒரே பாசி. கை வழுக்குது. ஒரு கால் தூக்க ஏலா, கையால எடுத்து எடுத்துப் படியில வெக்கிறான். கீழ தண்ணி ஏறிட்டு வருது.”

“யா அல்லாஹ்.”

“ஒரு படி கழண்டுட்டு. ஒத்தக் கையில தொங்குறான்.”

“ஏறு மகன்,” என்றார் இவர். செட்டியின் நுனிக்கு வந்து, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டார். “ஏறு. இன்னும் கொஞ்சம்.”

ஏறிவிட்டான். மேலே வெளிச்சத்துக்கு வந்து தொப்பியைக் கழற்றினான். வில்லன். நம்முடைய ஆள் ஒரு சேதமும் இல்லாமல் மேலே அவனுக்காகக் காத்துக்கொண்டு நின்றான்.

“ஏன் நிப்பாட்டின?” என்று கேட்டார்.

“ஆள் மாறிட்டு.”

“எந்த ஆள்?”

“ஏறி வந்தது வில்லன்.”

ஏந்திய கைகளை இன்னும் இறக்கவில்லை. “அவனுக்கா நான் துஆக் கேட்டேன்,” என்றார்.

நான் சிரித்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்தேன். கனகாலத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. “ஒழுங்காப் பாத்து செல்ல ஏலாதா?” என்று கேட்டார். “எனக்கு வேற என்ன ஈக்குது?”

என் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

“ஏலா,” என்றேன். “எனக்கு ஏலா. விடிஞ்சதுல இருந்து செல்லிட்டு ஈக்கிறேன். செருப்பு, தேத்தண்ணி, சட்ட, மீன்காரன். இப்ப பறக்கிறவன், பொரளுறவன். நான் களைச்சுப் போயிட்டேன். காப்பாத்திப் பாக்க ஒரு கண் ஈக்குது ஒங்களுக்கு. அதுக்குப் போகாம நோம்பு, பெருநா, மிளகுன்னு செல்லிட்டு இங்க ஒக்காந்து வில்லனுக்கு துஆக் கேக்கிறீங்க.”

டீவியில் நம்முடைய ஆள் யாரையோ கட்டியணைத்துக்கொண்டிருந்தான். நான் போய் டீவியை அணைத்தேன். கோபத்தில் நான் அழவில்லை, வீட்டில் அந்தச் சத்தம் நின்றதும்தான் அழுகை வந்தது. இவர் அதைக் கேட்டிருக்க வேண்டும். செட்டியைத் தடவி, என் இடம் வெறுமையாக இருப்பதை அறிந்து, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“ஒப்பரேஷனுக்கு மயக்க மாட்டாங்களாம்,” என்றார் பிறகு. “அந்த டொக்டர் அம்மா சொன்னாங்க, நீ மருந்து எடுக்கப் போன நேரம். முழிச்சிட்டுத்தான் ஈக்கணுமாம். தல அசையக் கூடாதாம்.”

“அதுக்கு?”

“உள்ளுக்கு ஒன்ன விட மாட்டாங்க. என்ன நடக்குதுன்னு செல்ல ஒராளும் ஈக்க மாட்டாங்க.”

இவ்வளவு மாதமாக நோன்புக்கும் பெருநாளுக்கும் மிளகுக்கும் பின்னால் ஒளிந்திருந்தது இதுதான். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தெம்பு இல்லை. முகத்தைக் கழுவினேன். இருவரும் அஸர் தொழுதோம். தொழுத பாயிலிருந்து எழும்பாமலே, மகளுக்கு டெலிபோன் கோல் எடு, திகதி கேட்கச் சொல்லு என்றார்.

ஒப்பரேஷனுக்கு முன் கிளினிக்கில் நான் நர்ஸை விடவில்லை. முகத்தில் என்ன போடுவார்கள், எந்தப் பக்கத்தால் ஊசி வரும், என்ன சத்தம் கேட்கும், எங்கே நோகும் என்று எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த நர்ஸ் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். கடைசியில், நீங்களா அம்மா ஒப்பரேஷன் செய்யப் போகிறீர்கள் என்று சிரித்தார்.

ஒப்பரேஷன் நாளன்று, கண்டிக்குப் போகும் வழியில் வேன் அக்குறணைச் சன நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது இவருக்குச் சொன்னேன். முதலில் இடத்தை. குளிரான அறை, ஒடுக்கமான கட்டில், முகத்தை மூடிப் பச்சைத் துணி, அதில் கண்ணுக்கு மட்டும் ஓர் ஓட்டை. பிறகு என்ன வேண்டும் என்று. தலையை அசைக்காமல் கிடக்க வேண்டும், அது ஒன்றுதான் உங்கள் வேலை.

“எங்க நோகும்?” என்று அவரே கேட்டார்.

“கண்ணுக்குக் கீழ ஒரு ஊசி. அது நோகும்.”

“எவ்வளவு?”

“நல்லா நோகுமாம். அதுக்குப் பிறகு நோகாதாம்.”

“பொய் செல்லல்லயே?”

“இல்ல.”

ஆஸ்பத்திரி வந்தது. வாட்டு வாசலில் அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டு போனார்கள். கதவு மூடிக்கொண்டது. நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க அன்று எனக்கு வேண்டிய மட்டும் நேரம் கிடைத்தது. அப்படி ஒரு நேரத்துக்கா நான் ஆசைப்பட்டேன் என்று இருந்தது.

ஒப்பரேஷன் முடிவில் அவர் கண்ணுக்குள் வாயு அடைத்திருந்தார்கள். அது சரியான இடத்தில் அழுத்த வேண்டும் என்பதால் நாட்கணக்கில் குப்புறப் படுத்திருக்கச் சொன்னார்கள். வீட்டில் கட்டில் விளிம்பில் இரண்டு தலையணையை வைத்து நெற்றியைத் தாங்கி, முகம் தரையைப் பார்க்கப் படுக்க வைத்தேன். அவரோடு பேச வேண்டுமென்றால் நான் தரையில் பாயைப் போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். கஞ்சியை ஸ்ட்ரோ வைத்துத்தான் கொடுத்தேன். முதுகு நோகிறது, கழுத்து நோகிறது என்று முனகினார். இரண்டாம் நாள் காலை, தரையைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார்.

“உள்ளுக்கு நான் கண்டேன்.”

“என்னத்த?”

“மொதல்ல ஊசி. நீ சொன்ன மாதிரியே நோந்திச்சு. அதுக்குப் பிறகு கண் மரத்துப் போச்சு. ஆனா தெரிஞ்சிச்சு. ஒரே செவப்பு, தேயிலச் சாயம் மாதிரி. அதுக்குள்ள கறுப்பா ஒரு கம்பி பக்கத்தால வந்திச்சு. என்ட கண்ணுக்குள்ள. வெளிய இல்ல, உள்ளுக்கு.”

நான் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“அது போற போற எடத்துல செவப்பு இல்லாமப் போகுது. இழுத்து எடுக்குது. அடுத்த பக்கத்தால இன்னொரு கம்பி, அதுல லைட். நான் மனசுக்குள்ள செல்லிட்டே ஈந்தேன், இப்ப எடது பக்கம் வருது, இப்ப நிக்குது, இப்ப நூல் மாதிரி ஒன்டப் புடிக்குது. நீ செல்றது மாதிரி. அப்ப இருமல் வந்திச்சு.”

“இருமினீங்களா?”

“இருமினா கம்பி குத்திடும். தொண்டைக்குள்ளயே புடிச்சேன். தண்ணி வழியுது கண்ணால, டொக்டர் அம்மா சிங்களத்துல கதைக்கிறாங்க, எனக்கு ஒன்டும் காதுல ஏறல்ல. இருமல் மட்டுந்தான். ஒரு கட்டத்துல போயிட்டுது. அப்ப பாத்தேன், செவப்பு எல்லாம் போயி, தெளிவா ஈந்திச்சு. வெள்ள வெளிச்சம். அதுக்குள்ள அந்தக் கம்பிட நுனி, சின்னக் கத்திரி மாதிரி, தொறக்குது, மூடுது. அவ்வளவு தெளிவா நான் ரெண்டு வருசமா ஒன்டும் காணல்ல.”

ஒரு சொட்டு எச்சில் தரையில் விழுந்தது. துணியால் துடைத்துவிட்டேன்.

“பயந்தேன்,” என்றார். “நல்லாப் பயந்தேன்.”

எனக்கு யாரும் அதுவரை ஒரு சண்டையைச் சொன்னதில்லை. சொல்லுகிறவள் நான்தான். பாயில் உட்கார்ந்தபடி, திரும்ப முதலில் இருந்து சொல்லுங்கள் என்றேன். சொன்னார். அன்று மட்டுமல்ல. குப்புறக் கிடந்த நாளெல்லாம் சொன்னார், பார்க்க வந்த தம்பிக்கும் கோலில் மகளுக்கும் சொன்னார். அவர்களுக்குச் சொல்லும்போது இருமலோடு நிறுத்திக்கொள்வார். பயந்ததை எனக்கு மட்டும்தான் சொன்னார்.

வாயு கரைந்து போன பிறகு ஒரு வாரம் போல நிழல்கள் கொஞ்சம் கூர்மையாக இருந்தன. ஜன்னல் கம்பியை எண்ணினார். பிறகு ஒரு காலை எழும்பி, விடியவில்லையா என்று கேட்டார். வெயில் கட்டில் வரை வந்திருந்தது.

கண்டியில் டொக்டர் அம்மா நீண்ட நேரம் பார்த்தார். உள்ளே விழித்திரை திரும்பவும் கழன்றிருக்கிறது, இனி வெட்டிப் பிரயோசனம் இல்லை என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். முதலே சொன்ன பாதிக்குப் பாதியில் நாங்கள் மற்றப் பாதியில் விழுந்துவிட்டோம். யார் மேலும் பிழை இல்லை. பிந்தி வந்ததாலா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவரும் அதைச் சொல்லவில்லை.

“அப்ப ஒப்பரேஷன் நேரம் நான் உள்ளுக்குக் கண்டது,” என்று இவர் சிங்களத்தில் கேட்டார், “அது இந்தக் கண்ணால கண்டதுதானே?”

“ஆமா ஐயா.”

“அப்ப அதுதான் கடைசி,” என்றார்.

டொக்டர் அம்மா மருந்துத் துண்டை எழுதி என் கையில் தந்தார். நான் இவர் கையைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டி வந்தேன். கீழே மருந்து கொடுக்கிற இடத்தில் சனம் நிறைய இருந்தது. வாங்கில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். என் மடியில் தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுப் பார்சல், அவருடைய மாற்றுச் சட்டை எல்லாம் போட்ட பெரிய பை.

“செல்லு,” என்றார்.

“சனம் நிறைய. வரிச நீளம். முன்னுக்கு ஒரு பொம்பள புள்ளயத் தூக்கிட்டு நிக்கிறா. நர்ஸ் ஒராள் டிரொலி தள்ளிட்டுப் போறாங்க.”

“அதில்ல. ஒன்னச் செல்லு. ஒன்ட மொகம் இப்ப எப்பிடி ஈக்குது?”

எத்தனை பேருடைய முகத்தை அவருக்குச் சொல்லியிருக்கிறேன். பறந்தவன், விழுந்தவன், நல்லவன், கெட்டவன். என்னுடையதை அவர் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. அவர் கடைசியாகப் பார்த்த என் முகம் எது என்று எனக்கும் தெரியாது. நல்லா இருக்கு என்று சொல்லிவிடலாம். பொய் சொல்ல எனக்குக் களைப்பாக இருந்தது.

“கண்ணுக்குக் கீழ கறுத்துப் போயி ஈக்குது,” என்றேன். “கன்னம் உள்ளுக்குப் போயிட்டு. வாய் ரெண்டு பக்கமும் எறங்கி ஈக்குது. களைச்ச மொகம்.”

“எவ்வளவு காலமா?”

“கனகாலமா.”

தலையை ஆட்டினார். மருந்துக் கதவில் யாரோ ஓர் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள், எங்களுடையது இல்லை. இவர் கையை நீட்டி, என் முழங்கையில் தொடங்கித் தடவிக்கொண்டே வந்து, மடியில் இருந்த பையின் காதைக் கண்டுபிடித்தார். அதைத் தூக்கித் தன்னுடைய மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். நான் விட்டுவிட்டேன்.